அப்பா சாப்பிடுற சைக்ளோசெரினும் பாக்டீரியாவோட அலனைன் ரேசிமேஸும்: ஒரு சந்தேகம்

முக்கூடல் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் மைக்ரோபயாலஜி மூணாம் வருஷம் படிக்கேன். ஊர் முக்கூடல் பக்கம், காலேஜ் பாளையங்கோட்டை. இது பாடத்துல வந்த சந்தேகம், ஆனா வீட்டுலயும் இருக்கு. அதனால கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுத்துக்கோங்க.

அப்பா வாழைத்தார் லோடு ஏத்துற வேலை. மூணு வருஷத்துக்கு முன்னால டிபி வந்துச்சு. ரெண்டு மாசம் மாத்திரை சாப்பிட்டதும் இருமல் நின்னுட்டு, உடம்பு தேறிட்டுன்னு வேலைக்குப் போயிட்டாவ. மிச்ச மாத்திரை அலமாரியிலயே கெடந்துச்சு. இப்ப திரும்ப வந்திருக்கு. இந்தத் தடவை, வழக்கமா டிபிக்குக் குடுக்கிற ரிஃபாம்பிசினுக்கும் ஐசோநயசிடுக்கும் அடங்காத டிபி. ஒன்றரை வருஷத்துக்கு மேல சாப்பிடணும்னு சொல்லி அஞ்சு வகை மாத்திரை குடுத்திருக்காவ. அதுல ஒண்ணு சைக்ளோசெரின்.

போன மாசம் வகுப்புல அந்த மருந்தே பாடமா வந்துச்சு. அலனைன்ங்கிறது ஒரு அமினோ அமிலம், ஒண்ணுக்கொண்ணு ஆடிப் பிம்பமா எல், டின்னு ரெண்டு வகை. பாக்டீரியா செல் சுவர் கட்ட டி-அலனைன் வேணும், ஆனா அதுக்குக் கெடைக்கிறது எல்-அலனைன்தான். எல் வகையை டி வகையா மாத்துற நொதி அலனைன் ரேசிமேஸ், அதைத்தான் சைக்ளோசெரின் அடைக்குதுன்னு சார் நடத்தினாவ. "இந்த நொதி மனுஷ உடம்புல கெடையாது, அதனால கிருமியை மட்டும் தாக்கும்"னும் சொன்னாவ. எழுதிக்கிட்டேன். எனக்கு ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சு, அப்பாவுக்கு நல்ல மருந்துதான் குடுத்திருக்காவன்னு.

ஆனா வீட்டுல நடக்கிறது வேற. எங்கப்பா அதிர்ந்து பேசாத மனுஷன். மாத்திரை ஆரம்பிச்சு அஞ்சு வாரத்துல தூக்கம் போச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு, அம்மா சுத்தி வச்ச பீடிக் கட்டை எல்லாம் சொளவுல கொட்டி திரும்பத் திரும்ப எண்ணுதாவ. "ரெண்டு கட்டு கொறையுது, யாரோ எடுத்துட்டான், வெளிய நிக்கான்"னு சொல்லுதாவ. வெளிய ஆரும் இல்ல. எண்ணி முடிச்சதும் சுவத்தைப் பாத்து உக்காந்து அழுதாவ. அம்மா பக்கத்து வீட்டுக்குக் கேட்டுறக் கூடாதேன்னு கதவைச் சாத்துதா.

நான் கேக்க வந்தது மூணு விஷயம். பாக்டீரியா ஏன் டி வகையைத் தேடிப் போகணும், கையில இருக்க எல் வகையை வச்சே சுவர் கட்டக் கூடாதா? மனுஷ உடம்புல அந்த நொதியே இல்லன்னா, அப்பாவோட மூளையில இந்த மருந்துக்கு என்ன வேலை? மாத்திரையோட பி6 வைட்டமினும் தாராவ, அந்த ரேசிமேஸுக்கே துணைப்பொருள் பி6தான்னு புத்தகத்துல இருக்கு, அப்ப கிருமிக்கு நாமளே தீனி போடுதமா?

ஆடிப் பிம்பம்னா என்னன்னு எனக்குப் புரியும். எங்கம்மா நொட்டாங்கை. அம்மா சுத்துன பீடியையும் சித்தி சுத்துன பீடியையும் பக்கத்துல வச்சா எலையோட சுத்து எதிரெதிரா ஓடும். நீளம், தூள், நூல் எல்லாம் ஒண்ணுதான், ஆனா ஒண்ணைத் திருப்பி இன்னொண்ணா ஆக்க முடியாது. அந்த அளவுக்குத் தெரியும். அதுக்கு மேல சொல்லுங்க.

ஆலங்குளம் மருந்துக்கடை:

தங்கச்சி, நொதியைப் பத்திப் பெரியவங்க வந்து சொல்லுவாங்க. நான் முதல்ல சொல்றதை முதல்ல செய்ங்க. அப்பாவுக்கு நடக்கிறதை இப்படியே ஒரு தாள்ல எழுதி, நாளைக்குக் காலையிலயே மருந்து குடுக்கிற எடத்துல காட்டுங்க. அடுத்த மாசம் மாத்திரை வாங்கப் போகும்போது சொல்லிக்கலாம்னு இருக்காதீங்க. தூக்கமில்லாம போறது, இல்லாத ஆள் இருக்கிறதா தோணுறது, அழுகை, "நான் இருந்து என்ன"ங்கிற பேச்சு, வலிப்பு, இது எதுவும் சைக்ளோசெரினால வரலாம்னு அவங்களுக்குத் தெரியும். அளவைக் குறைப்பாங்க, இல்லன்னா மாத்துவாங்க.

நீங்களா நிறுத்திறாதீங்க. ஒரு மாத்திரையை மட்டும் விட்டா மிச்ச மருந்துக்கும் கிருமி பழகிரும். அப்பாவுக்குக் குடிப் பழக்கம் இருந்தா அதையும் மறைக்காமச் சொல்லுங்க, இந்த மருந்தோட சாராயம் சேர்ந்தா வலிப்பு வர வாய்ப்பு கூடும். கிட்னி டெஸ்ட் எடுத்த சீட்டு இருந்தா கொண்டு போங்க, ஏன்னா இது பெரும்பாலும் மூத்திரம் வழியாத்தான் வெளிய போகுது. கிட்னி மெதுவா வேலை செஞ்சா ரத்தத்துல அளவு ஏறிரும்.

இப்ப 6 மாசத்துல முடியிற கூட்டு மருந்து ஒண்ணும் நம்ம நாட்டுல வந்திருக்கு. பெடாகுவிலின், பிரிட்டோமானிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் நாலும் சேர்ந்தது, அதுல சைக்ளோசெரின் இல்ல. அப்பாவுக்கு அது சரிப்படுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க. கேக்கிறதுல தப்பே இல்ல.

கல்லிடை பெரியம்மா:

எம்மா, மருந்துக்கடைத் தம்பி சொன்னதை மொதல்ல செய்யி. செஞ்சுட்டு இதைப் படி.

நான் 27 வருஷம் வெளியூர்ல ஒரு ஆய்வுக்கூடத்துல புரதம் பிரிச்செடுக்கிற வேலை பாத்தவ. இப்ப கல்லிடைக்குறிச்சியில வீட்டோட இருக்கேன். நீ கேட்ட நொதியை என் கையால பிரிச்சிருக்கேன், அதனால உன் கேள்வியைப் பாத்ததும் எழுதாம இருக்க முடியல.

உங்கம்மா பீடி உதாரணம் ரொம்பச் சரி. நம்ம பக்கத்துல அதுக்கு வார்த்தையே இருக்கே, வலம்புரி, இடம்புரின்னு. தூத்துக்குடி சங்குல வலம்புரி அபூர்வம். அமினோ அமிலத்துல எல் வகைதான் ஊரெல்லாம் கெடைக்கிற சங்கு, டி வகை அபூர்வம். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிருதேன், பரீட்சையில நெறைய பேர் விழுற குழி இது. நாம வலம்புரிங்கிற சங்கை விலங்கியல்காரங்க இடப்பக்கச் சுழல்னு எழுதுவாங்க, பாக்கிற திசை வேற. எல், டிங்கிற பேரும் அப்படித்தான். அது அணுக்கள் அடுக்கியிருக்கிற வாகுக்கு வச்ச பேரு, ஒளி எந்தப் பக்கம் திரும்புதுங்கிறதுக்கு இல்ல. எல்-அலனைன் தண்ணியில ஒளியை வலப்பக்கம்தான் திருப்பும்.

இப்ப சுவர். பாக்டீரியாவைச் சுத்தி இருக்கிற பெப்டிடோகிளைக்கான், சர்க்கரைச் சரமும் குட்டி அமினோ அமிலச் சங்கிலியும் பின்னின வலை. அந்தக் குட்டிச் சங்கிலி ஒவ்வொண்ணும் மொதல்ல முடியிறது டி-அலனைன், டி-அலனைன்னு ரெண்டு கண்ணியில. சுவரை முடிச்சுப் போடுற நொதி கடைசிக் கண்ணியைக் கழட்டிட்டு, அந்த எடத்துல பக்கத்துச் சங்கிலியைக் கோக்கும். கழட்டுறப்ப விடுபடுற வலுதான் கோக்கிறதுக்கு ஆகுது. செல்லுக்கு வெளிய, ஆற்றல் தர்ற ஏடிபி கெடையாதுல்லா, கையோட கொண்டு போன முதல் அந்தக் கடைசிக் கண்ணிதான். அப்படின்னா ஏன் எல் கூடாது? உலகத்துல புரதத்தை வெட்டுற நொதிகள்ல பெரும்பாலானது எல்லுக்கும் எல்லுக்கும் நடுவுல இருக்கிற பிணைப்பை வெட்டப் பழகினது. டி வந்தா அதுக்கு வாய் பொருந்தாது. மண்ணுலயும் குடல்லயும் அத்தனை கத்தி நடுவுல இருக்கிற உயிருக்கு, வெட்டுப்படாத நூல்ல வேலி கட்டிக்கிறது பெரிய பாதுகாப்பு.

ரேசிமேஸ் எப்படி மாத்துதுன்னு சொல்லுதேன். அலனைனோட நடுக் கார்பனை ஒரு முக்காலியா நெனச்சுக்கோ. மூணு காலும் அமினோ, கார்பாக்சில், மீத்தைல். மேல ஒரு குமிழ், அது ஹைட்ரஜன். குமிழைப் புடுங்கினா மூணு காலும் தட்டையா விரிஞ்சிரும். இப்ப குமிழை மறுபக்கத்துல வச்சு அழுத்தினா கால்கள் எதிர்த்திசையில மடங்கும். அவ்வளவுதான், எல் டியா ஆயிட்டு. நொதியில இதுக்கு ரெண்டு கை இருக்கு. ஒரு பக்கம் லைசின், எதிர்ப்பக்கம் டைரோசின், ரெண்டும் நொதியோட சங்கிலியில இருக்கிற அமினோ அமிலங்கள். ஒண்ணு புடுங்கும், ஒண்ணு வைக்கும். ஒரு வெப்பம் தாங்கும் பாசில்லஸோட நொதிக்கு 1997ல படிக வடிவம் வெளியாச்சு. அதுல 39ஆவது லைசினும் 265ஆவது டைரோசினும் எதிரெதிரா உக்காந்திருக்கிறது கண்ணால பாக்கிற மாதிரி தெரிஞ்சுது. அந்த டைரோசின் பக்கத்து அலகுல இருந்து எட்டிப் பாக்கிறது. நொதி ரெண்டு ரெண்டாச் சேர்ந்துதான் வேலை செய்யும், தனியா ஒரு அலகு போதாது.

குமிழைப் புடுங்கினா கார்பன்ல மிச்சம் நிக்கிற எலெக்ட்ரானைத் தாங்க ஒரு ஆள் வேணும். அதுதான் உன் பி6, முழுப்பேர் பைரிடாக்சல் பாஸ்பேட். இது லைசினோட ஒட்டியிருக்கும்போது மஞ்சளா இருக்கும். புரதம் பிரிக்கிற தூண் (column) வழியா நொதி இறங்கும்போது, கல்யாண வீட்டு மஞ்சத்தண்ணி மாதிரி ஒரு பட்டை மெதுவா கீழ வரும். எந்தக் குழாய்ல நொதி இருக்குன்னு மீட்டர் சொல்றதுக்கு முந்தி கண்ணு சொல்லிரும். அந்தக் குழாய்ல சைக்ளோசெரினை விட்டேன்னு வையி, மஞ்சள் கொஞ்சங் கொஞ்சமா வெளிறும். நான் முதல் தடவை பாத்தப்ப கெடுத்துட்டோமோன்னு பயந்தேன். கெடல, அதுதான் மருந்து வேலை செய்யிற காட்சி. சைக்ளோசெரின் பாக்க டி-அலனைனை வளையமா மடக்கின மாதிரி இருக்கும். நொதி ஏமாந்து அதைப் புடிச்சுக் குமிழைப் புடுங்கும். அந்த நிமிஷமே வளையம் அசையாத ஒரு கட்டமைப்பா மாறி பி6ஐ இறுக்கப் புடிச்சுக்கும். நொதி தன் வேலையாலயே தன்னைப் பூட்டிக்கும்.

அப்ப உன் பி6 கேள்வி. கிருமி அந்த பைரிடாக்சல் பாஸ்பேட்டைத் தானே தயாரிச்சுக்கும், டிபி கிருமிக்கு அந்த வழி முழுசா இருக்கு. உங்கப்பா சாப்பிடுற மாத்திரைக்கு அது காத்துக்கிட்டு இல்ல. நமக்குத்தான் பி6 வெளிய இருந்து வரணும். இந்த மருந்து நம்ம உடம்புலயும் பி6ஐப் புடிச்சு மூத்திரத்துல தள்ளிரும். மூளையை அமைதிப்படுத்துற காபாங்கிற பொருளைச் செய்யிற நொதிக்கு பி6 வேணும், அது கொறைஞ்சா வலிப்பு வரும். அதனால பி6ஐ ஒரு நாள்கூட விட வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லு.

இனி நீ ராத்திரி முழிச்சு யோசிச்ச கேள்விக்கு வாரேன். "மனுஷ உடம்புல அந்த நொதி கெடையாது"ங்கிறது நெசம். "அதனால நமக்கும் டி வகைக்கும் சம்பந்தம் இல்ல"ங்கிறது பொய். நம்ம கிட்னியில டி வகை அமினோ அமிலத்தை அழிக்கிற நொதி ஒண்ணு இருக்குன்னு 1935லயே ஹான்ஸ் கிரெப்ஸ் கண்டுபிடிச்சுட்டார். 1990கள்ல மூளைக்குள்ளயே டி-செரின் நெறைய இருக்கிறது தெரிஞ்சுது. அதைச் செய்ய நம்ம மூளையில செரின் ரேசிமேஸ்னு ஒரு நொதி இருக்கு, அதுவும் பி6 நொதிதான். இந்த டி-செரின் எதுக்கு? நரம்பு செல்லுல என்எம்டிஏங்கிற ஏற்பி ஒண்ணு உண்டு. அது தொறக்க ரெண்டு சாவி வேணும், ஒண்ணு குளுட்டமேட், இன்னொண்ணு கிளைசின் இல்லன்னா டி-செரின். ஞாபகம், பயம், எது நெசம் எது தோற்றம்ங்கிற தெளிவு, இதுக்கெல்லாம் அந்த வாசல் முக்கியம். அந்த ரெண்டாவது சாவித் துவாரத்துல சைக்ளோசெரினும் பொருந்தும். ஆனா முழுசாத் திருப்பாது, அரையும் கொறையுமாத் திருப்பும்.

உங்கப்பா ராத்திரி பீடிக் கட்டு எண்ணுறது இந்த எடத்துலதாம்மா. அவரோட குணம் மாறல, மனசு கெட்டுப் போகல. டி-அலனைன் மாதிரி இருக்கிற உருவத்தாலதான் அந்த மருந்து கிருமியைக் கொல்லுது, அதே உருவத்தாலதான் மூளையில போய் உக்காருது. மருந்தை மாத்தினாலோ அளவைக் கொறைச்சாலோ பெரும்பாலும் தெளிஞ்சிரும். இதை உங்கம்மாகிட்ட விளக்கிச் சொல்லு. கதவைச் சாத்திக்கிட்டு அவ தனியா அழ வேண்டாம்.

இந்த வாசல் விஷயத்தை மனநல மருத்துவத்துல நல்லதுக்கும் பயன்படுத்திப் பாத்திருக்காங்க. ஒசரமான எடத்தைக் கண்டு பயப்படுறவங்களுக்குச் சிகிச்சையோட ரொம்பக் கொஞ்ச அளவு சைக்ளோசெரின் குடுத்தப்ப பயம் சீக்கிரம் விலகினதா 2004ல ஒரு ஆய்வு வந்துச்சு.

இன்னொண்ணு, கேள்விக்குச் சம்பந்தமில்ல, ஆனா உனக்குப் பிடிக்கும். அலனைன் ரேசிமேஸை முதல்ல காட்டினது 1951ல, வுட், கன்சாலஸ்னு ரெண்டு பேர். அவங்க எடுத்துக்கிட்ட பாக்டீரியா ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஃபீக்காலிஸ், இப்ப அதுக்கு என்டரோகாக்கஸ்னு பேரு. நம்ம இட்லி மாவு புளிக்கிறப்ப லூக்கோனோஸ்டாக்கோட சேர்ந்து இருக்கிற பாக்டீரியாக்கள்ல அதுவும் ஒண்ணு. உங்க வீட்டு மாவுச் சட்டிக்குள்ள ராத்திரி முழுக்க எல் டியா ஆயிக்கிட்டேதான் இருக்கு.

தென்காசி ஆய்வு மாணவன்:

பெரியம்மா எழுதினதுல ஒரே ஒரு எடத்துல சேர்க்க வேண்டியது இருக்கு. சைக்ளோசெரின் ரேசிமேஸை மட்டும் தாக்கலை. ரெண்டு டி-அலனைனை ஒட்டுற லைகேஸ் நொதியையும் தாக்கும். டிபி கிருமிக்குள்ள என்ன நடக்குதுன்னு வளர்சிதைப் பொருள்களை அளந்து 2014ல வந்த ஆய்வுல, உயிரைக் குடிக்கிற அடி லைகேஸ் மேலதான் விழுதுன்னு காட்டினாங்க. ரேசிமேஸ் பூட்டிக்கிறது நெசம்தான். ஆனா டிபியில முதல் குறி லைகேஸ். பரீட்சையில கேட்டா ரெண்டையும் எழுதுங்க.

ரேசிமேஸ் எல் வகையையும் டி வகையையும் சரிபாதியாத்தான் விடும், ஏன்னா ரெண்டுக்கும் ஆற்றல் ஒண்ணே. லைகேஸ் டியை எடுத்துக்கிட்டே போறதாலதான் தராசு அந்தப் பக்கம் ஓடுது. அதனால லைகேஸை அடைச்சாலே சுவர் நின்னுரும்.

கல்லிடை பெரியம்மா:

தம்பி சொல்றது சரி. நான் குழாய்ல தனி நொதியைப் பாத்தவ, உயிருள்ள கிருமிக்குள்ள பாத்தவ இல்ல. லைகேஸைச் சேத்துப் படிச்சுக்கோ எம்மா.

வள்ளியூர் லாரிக்காரன்:

எனக்கு நொதி தெரியாது. நான் அந்த மாத்திரையை 11 மாசம் சாப்பிட்டவன், அதனால எழுதுதேன்.

உங்கப்பா பீடிக் கட்டு எண்ணுதாவ. நான் வண்டி டயரை எண்ணுவேன். ராத்திரி வெளிய வந்து டார்ச் அடிச்சு ஒவ்வொரு டயரா தொட்டுப் பாப்பேன். எவனோ காத்தைப் புடுங்குதான்னு காதுல கேக்கும். வீட்டுக்காரிகிட்ட சொல்லக் கூச்சம். சொன்னா பைத்தியம்னு நெனச்சிருவாளோன்னு ரெண்டு மாசம் மூடி வச்சேன். ஒரு நாள் விடியக்காலம் கெணத்து மேட்டுல போய் நின்னுட்டேன். என் மகன் பின்னாலயே வந்து சட்டையைப் புடிச்சான். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். டாக்டர் சைக்ளோசெரினை நிறுத்தி வேற போட்டாவ. மூணு வாரத்துல அந்தச் சத்தம் நின்னுட்டு. இப்ப கோர்ஸ் முடிஞ்சு ரெண்டு வருஷம், வண்டி ஓட்டுதேன்.

தங்கச்சி, அப்பாகிட்ட நேரா கேளு. "சாகணும்னு தோணுதா"ன்னே கேளு. கேட்டா அந்த எண்ணம் வந்துருமோன்னு பயப்படாத. என்கிட்ட ஆராவது கேட்டிருந்தா அந்த ரெண்டு மாசம் எனக்கு இல்லாம போயிருக்கும். ராத்திரி அவரு எண்ணும்போது "ஆரும் இல்ல"ன்னு சண்டை போடாதீங்க. கூட உக்காந்து எண்ணுங்க.

முக்கூடல் பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. வியாழக்கிழமையே போயிட்டோம். மருந்துக்கடை அண்ணாச்சி சொன்ன மாதிரி தேதி போட்டு எழுதிக் கொண்டு போனேன். டாக்டரம்மா முழுசாப் படிச்சாவ. ரத்தம் எடுத்தாவ, சைக்ளோசெரின் அளவைக் கொறைச்சிருக்காவ, மனநல டாக்டரையும் அன்னைக்கே பாக்க வச்சாவ. அந்த 6 மாச மருந்தைப் பத்திக் கேட்டேன். லினசோலிட் ஏற்கனவே போயிட்டிருக்கதால பழைய ரிப்போர்ட்டைப் பாத்துட்டுச் சொல்லுதேன்னாவ.

வள்ளியூர் அண்ணாச்சி, நீங்க சொன்னதை நேரா கேட்டுட்டேன். அப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "ரெண்டு தடவை தோணுச்சு"ன்னாவ. அதையும் டாக்டர்கிட்ட சொல்லிட்டோம். இப்ப ராத்திரி மாறி மாறி நானும் அம்மாவும் கூட உக்காருதோம். எண்ணுனா சேந்து எண்ணுதோம்.

பெரியம்மா, நீங்க எழுதுனதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு சாவி வரைக்கும் கேட்டுட்டு, "அப்ப அது மாத்திரை பண்ற வேலையா"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. கதவு இப்ப சாத்துறது இல்ல. நேத்து அப்பா ஒரு தடவைதான் எந்திரிச்சாவ, தண்ணி குடிக்க.

ஒரே ஒரு ஆசை. அந்த மஞ்சள் வெளிறுறதைப் பாக்கணும். எங்க காலேஜ் லேப்ல நொதி பிரிக்க வசதி இல்ல. வேற வழி இருக்கா?

கல்லிடை பெரியம்மா:

இருக்கு. நொதி வேண்டாம். பைரிடாக்சல் பாஸ்பேட்டும் லைசினும் உங்க பயோகெமிஸ்ட்ரி துறையில இருக்கும், கேட்டு வாங்கு. பைரிடாக்சல் பாஸ்பேட்டை லேசாக் காரமான பஃபர்ல நல்லா நீர்க்கக் கரைச்சு ரெண்டு குழாய்ல ஊத்து. ஒண்ணுல மட்டும் லைசினைத் தாராளமாச் சேரு. சேத்த குழாய்ல மஞ்சள் ஆழமாகும். எந்த நிற ஒளியை எவ்வளவு உறிஞ்சுதுன்னு அளக்கிற ஸ்பெக்ட்ரோ இருந்தா, 390 நானோமீட்டர் பக்கத்துல இருந்த உச்சி 420 பக்கம் நகர்றதைப் பாக்கலாம். நொதிக்குள்ள பி6 லைசினோட கை கோத்து நிக்கிறது அந்த நிறந்தான். வெள்ளைத் தாளைப் பின்னால வச்சுப் பாரு, நல்லாத் தெரியும். கரைசலை அன்னன்னைக்குக் கலக்கு, வெளிச்சத்துல வைக்காத.

வெளிறுறதைப் பாக்க சைக்ளோசெரின் வேணும், அதை உங்க துறை மூலமாக் கேட்டு வாங்கு. அப்பா மாத்திரைப் பெட்டியில கை வச்சிராதம்மா, ஒண்ணுகூட.